பெவினின் கார்டும் என்னிடம் இருக்கும் சிம்மும்

16 ஜூன் 2025, திங்கள்

எங்கள் ஷிப்பிங் ஆபீஸின் முந்திரிக்கொட்டை கன்டெய்னர் ஒன்று கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. இன்றைய நாள் அதோடு சரி. வீட்டுக்கு வந்தால் அம்மா, தம்பி பெவினின் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நேற்று மாலைதான் ரயிலேறினான். இந்நேரம் சென்னை ஏர்போர்ட்டில் இருப்பான்.

அவனுடைய சிம்மை என் பழைய போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வெளிநாடு போகிற எல்லாரும் இங்கே இதைத்தான் செய்கிறார்கள். சிம்மைக் கொண்டுபோனால் ரோமிங் தின்றுவிடும். வீட்டில் ஒருத்தர் கையில் இருந்தால் பேங்க் ஓடிபி வந்துகொண்டிருக்கும். "ஓடிபி வந்தா ஒடனே அனுப்பு ஏளா, பிரேயர்ல இருந்தாலும்" என்றான். நான் எந்தக் காலத்தில் பிரேயரில் உட்கார்ந்தேன்?

வெள்ளிக்கிழமை பேங்கில் இரண்டு மணி நேரம் நின்று அவன் டெபிட் கார்டை வெளிநாட்டில் செல்லும்படி மாற்றிக்கொண்டோம். பணமாக அதிகம் கொண்டுபோக வேண்டாம், கார்டு போதும் என்று ஏஜென்ட் விஜயராஜ் சொல்லியிருந்தார். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும் முன் எங்கள் எல்லாரையும் கண்மூட வைத்து ஜெபம் பண்ணினார் அந்த மனிதர். ஒன்றரை லட்சம் வாங்கியவர் ஜெபமாவது பண்ணட்டும்.

பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, மாதம் அறுபதாயிரம். ஆபர் லெட்டரில் கம்பெனி முகவரி இல்லை என்று காட்டினேன். "நீ ஷிப்பிங் பில்லு பாக்க மாதிரி எல்லாத்தையும் பாக்காத" என்றான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு மூன்று வருடம் ஹார்பரில் நிலக்கரித் தூசிக்குள் பதினாலாயிரத்துக்குக் கான்ட்ராக்ட் வேலை. கேட் பாஸைப் புதுப்பித்துத் தரவில்லை, அதோடு வேலையும் போயிற்று. அவனிடம் முகவரி இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

18 ஜூன், புதன்

முதல் எஸ்எம்எஸ். பாங்காக் ஏடிஎம். மூவாயிரம் பாட் எடுத்திருக்கிறான், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கழிந்திருக்கிறது. கணக்குப் போட்டேன், இடித்தது. வாட்ஸ்அப்பில் கேட்டால், திரையில் ரூபாயா பாட்டா என்று கேட்டதாம். நம்ம காசாச்சே என்று ரூபாயை அமுக்கினானாம்.

"பாட்டை அமுக்குலே மக்கு. ரூபாயை அமுக்குனா அந்த மிஷின்காரன் வச்சதுதான் ரேட்டு. ஒவ்வொரு தடவைக்கும் எரநூத்தி இருவது பாட் கூலி வேற. சில்லறை சில்லறையா எடுக்காத."

"சரிங்க மேனேஜரம்மா."

நூடுல்ஸ் படம் ஒன்று அனுப்பினான். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், உள்ளே என்ன கிடக்கிறது என்று.

20 ஜூன், வெள்ளி

கடையில் கார்டு தேய்த்திருக்கிறான். 119 பாட். இடம்: டாக். பாங்காக்கில் அப்படி ஒரு ஏரியாவா?

21 ஜூன், சனி

இல்லை. டாக் என்பது பாங்காக்கிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல், வடமேற்கே. இன்று காலை இன்னொரு எஸ்எம்எஸ், மே சாட் என்ற ஊரின் ஏடிஎம்மில் ஆயிரம் பாட். வரைபடத்தில் பார்த்தேன். அதற்கப்புறம் தாய்லாந்து இல்லை. ஒரு ஆறு ஓடுகிறது, அக்கரை மியான்மர். அந்த ஆற்றங்கரையின் பெயரைத் தேடினால் வருகிற செய்தி எல்லாம் ஒரே மாதிரிச் செய்தி. மோசடி செய்யும் கம்பெனிகள், மதில், ஆள் கடத்தல். மூடி வைத்தேன்.

விஜயராஜிடம் பேசினேன். "பிராஞ்ச் ஆபீஸும்மா அது. பயலுவளுக்கு ட்ரெய்னிங் அங்கனதான். நீங்க நெட்டுல கண்டதையும் பாத்துட்டுப் பயப்படக் கூடாது."

எனக்கு ஒரு கன்டெய்னர் நம்பர் கொடுத்தால் அது எந்தக் கடலில் எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதுதான் என் வேலை. தம்பி எங்கே நிற்கிறான் என்று பேங்க் எஸ்எம்எஸ்ஸில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

25 ஜூன், புதன்

நான்கு நாளாக ஒன்றும் இல்லை. பழைய போன் உயிரோடு இருக்கிறதா என்று நானே அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மேஜைமேல் கிடந்து அடித்தது.

29 ஜூன், ஞாயிறு

பேசினான். நான் எழுதிவைக்க விரும்புவது ஒன்றுதான். என்னை 'அக்கா' என்றான்.

இருபத்தைந்து வருடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு வயது வித்தியாசம். ஏளா, ஜெப்ஸி, மேனேஜர், வாயாடி — இதெல்லாம்தான். இன்று "அக்கா, நல்லா இருக்கேன் அக்கா. ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க அக்கா." பின்னால் நிறையக் கீபோர்டுகள் தட்டுகிற சத்தம். ஒருவர் பேச்சும் இல்லை.

பாஸ்போர்ட்டை ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறார்களாம். கார்டு மட்டும் அவன் கையில் இருக்கிறது, அந்த வளாகத்துக்குள் ஏடிஎம் கிடையாது என்பதால். எந்த ஊர் என்று கேட்டேன். ஆபீஸ் என்றான்.

நெட் பேங்கிங் பாஸ்வேர்டு மாற்றுவதற்கான ஓடிபி அது. சொன்னேன். அம்மா போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியாலே, ராத்திரி வேதம் வாசிக்கியா?" என்று கேட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள். அவளிடம் என்ன சொல்ல? அக்கா என்று கூப்பிட்டான் என்றா?

8 ஜூலை, செவ்வாய்

சம்பளம் வந்துவிட்டதாம். அவன் கணக்கில் மூன்று வரவு. மூன்றும் மூன்று தனி ஆட்களின் பெயரில். எந்தக் கம்பெனி சம்பளத்தை மூன்று மனிதர்கள் பெயரில் போடும்?

சிறிது நேரத்தில் அம்மாவின் கணக்கைச் சேர்க்க ஓடிபி. பிறகு அம்மாவுக்கு நாற்பதாயிரம்.

அம்மா அந்தப் பணத்தை அப்படியே சபையில் படைக்கப்போகிறாள். பிள்ளையின் முதல் சம்பளம் கர்த்தருக்கு — எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். என் முதல் சம்பளமும் அங்கேதான் போயிற்று. அன்று எனக்குச் செருப்பு பிய்ந்திருந்தது.

"அது என்ன பணம்னு தெரியாம படைக்காதம்மா."

"எம்புள்ள ஒழச்ச பணம். ஒனக்கு என்னத்துலதான் சந்தேகம் இல்ல?"

"யாரோ மூணு பேரு போட்டுருக்காங்க. கம்பெனி போடல."

"கைய வச்சித் தடுக்காத ஏளா. அப்பா இருந்தா இப்படிப் பேசுவியா?"

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இருந்திருந்தால் அவரும்தான் படைத்திருப்பார்.

13 ஜூலை, ஞாயிறு

சாத்தான்குளம் சபைக்கு அம்மாவோடு பஸ்ஸில் போய் வந்தேன். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். காணிக்கை நேரத்தில் பெயரை வாசித்தார்கள்: கிருபை அம்மாள் குடும்பத்தார், மகன் பெவின் வெளிநாட்டில் பெற்ற முதல் சம்பளம். ஆமென் என்றார்கள். நானும் எழுந்து நின்றேன்.

17 ஜூலை, வியாழன்

நேற்று ஒரே நாளில் பதினோரு பெயர்கள். பன்னிரண்டாயிரம், ஐம்பதாயிரம், தொண்ணூற்றொன்பதாயிரம். வந்து அரைமணிக்குள் வெளியே போகிறது. ஒவ்வொன்று போகவும் ஓடிபி. யார் இவர்களெல்லாம் என்று கேட்டேன். "கேள்வி கேக்காதீங்க அக்கா. அனுப்புங்க."

போன வெள்ளிக்கிழமை நான் துறைமுகத்துக்குள் சரக்குப் பரிசோதனையில் நின்றேன். போன் பையில். பார்க்கும்போது ஒரு மணி நேரம் கடந்திருந்தது. ஓடிபிக்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். மறுநாள் அவனே வீடியோவில் வந்தான். இடது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. கதவில் நசுங்கியதாம். நான்கு விரலும் ஒரே கதவிலா?

அன்றிலிருந்து அந்தப் போனைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறேன். பக்கத்து மேஜை முருகேஸ்வரி சிரிக்கிறாள். "என்னளா, பழைய போனு, புது ஆளா? யாருன்னு சொன்னா நாங்களும் பாப்போம்லா?"

அந்த ஆபீஸில் எனக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். சம்பளம் இல்லாத வேலை. தம்பியின் விரல்கள்தான் சம்பளம்.

21 ஜூலை, திங்கள்

முருகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏளா, போலீசுக்குப் போ. இன்னைக்கே போ. நீ இதுல மாட்டிக்கிடுவ."

மதியம் போனேன். ஆபர் லெட்டரைப் புரட்டினார்கள். வெளிநாட்டு விஷயம், சென்னைக்கு எழுதணும், எம்பசிக்கு எழுதணும். எழுதிவிட்டேன் என்றேன். பிறகு அந்த எழுத்தர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:

"ஓடிபி சொன்னது யாரும்மா?"

"நான்தான்."

"எத்தன தடவ?"

புகார் எழுதினால் கணக்கை முடக்குவார்கள், முதலில் என்னை விசாரிப்பார்கள், அங்கே அவனை என்ன செய்வார்கள்? யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது. பயந்து வந்தேன்.

24 ஜூலை, வியாழன்

நாசரேத்தில் விஜயராஜின் ஆபீஸ் பூட்டியிருக்கிறது. போர்டைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக. கீழே செல்போன் கடைக்காரர், "ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் வந்துட்டுப் போய்ட்டு" என்றார். அவர்கள் நம்பரை வாங்கி வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் எதற்கு வாங்கப்போகிறார்.

28 ஜூலை, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொன்று இருபதுக்கு வரவு: மூன்று லட்சத்து இருபதாயிரம். அனுப்பியவர் பெயர்: சிவனணைந்தபெருமாள்.

அந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? சாத்தான்குளம் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அப்பா செத்த மாதம் கடன் நோட்டைப் பார்க்காமலே அரிசி அனுப்பியவர். பெவின் சின்ன வயதில் அவர் கடையில் பொரிகடலை திருடியிருக்கிறான். என் போனிலிருந்து அவருக்கு அடித்தேன்.

"அண்ணாச்சி, இப்ப யாருக்காவது பணம் போட்டியளா?"

"யாரு, ஜெப்ஸியா? ஒந் தம்பிதானம்மா சொன்னான். பத்து நாளா நித்தமும் பேசுதான். ஏதோ ஷேராம், ரெண்டு மாசத்துல இரட்டிப்பாம். முதல்ல அஞ்சாயிரம் போட்டேன், எட்டாயிரமா திருப்பி வந்துச்சி. சின்னவ கல்யாணத்துக்கு வச்சிருந்தத எடுத்துப் போட்டுருக்கேன். நம்ம பயலாச்சே. ஏன், எதுவும் பிரச்சனையா?"

பழைய போனில் ஓடிபி வந்துவிட்டது. மூன்று லட்சத்து இருபதாயிரம், யாரோ ஒருவன் கணக்குக்கு. பத்து நிமிடம்.

அவர்களுக்கு வேண்டியது அவனுடைய டைப்பிங் இல்லை. அவன் போனில் இருக்கிற பெயர்கள். அண்ணாச்சி என்று அவன் கூப்பிடுகிற விதம். அதற்காகத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

என் போனில் பெவினின் வாட்ஸ்அப் அழைப்பு. எடுத்தேன்.

"அக்கா, ஓடிபி."

"ஏலே, இது பஜாரு அண்ணாச்சி பணம்லா."

கீபோர்டு சத்தம். பிறகு, "தெரியும் அக்கா. சொல்லுங்க. நாலு நிமிஷம்தான் இருக்கு."

"பெவினு—"

"சொல்லுங்க அக்கா."

யாரோ அவன் பக்கத்தில் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று. நான் போனை வைத்தேன். வைத்துவிட்டேன். பேங்க் எண்ணுக்கு அடித்து அவன் கார்டை பிளாக் செய்தேன், நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொன்னேன். பிறகு 1930, சைபர் மோசடிப் புகார் எண். அண்ணாச்சியையும் உடனே அதே எண்ணுக்குப் பேசச் சொன்னேன். அதற்குள் என் போனில் பெவினிடமிருந்து பதினாறு அழைப்புகள் தவறியிருந்தன. பதினேழாவது வரவில்லை.

நான் நல்லவள் இல்லை. இதுவரை எத்தனை பேர் பணத்தை என் வாயாலேயே வெளியே அனுப்பியிருக்கிறேன்? ஒரு பெயரைக்கூட நான் திரும்பிப் படிக்கவில்லை. தெரிந்த பெயர் வந்ததும் நீதி வந்துவிட்டது. தெரியாத பெயர்களுக்கும் வீட்டில் சின்ன மகள் இருந்திருப்பாள்.

30 ஜூலை, புதன்

அண்ணாச்சி பணம் கணக்கிலேயே நிற்கிறது. வெளியே போகவில்லை.

அம்மாவின் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். பெவின் கணக்கிலிருந்து அதற்கு நாற்பதாயிரம் போயிருக்கிறதே. பென்ஷன் எடுக்கப் போனவளுக்குக் கவுன்டரில் வைத்துத்தான் தெரிந்தது, மீதியை நான் சொன்னேன். வந்து சேலையைக்கூட மாற்றவில்லை.

"நாலு நிமிஷம் இருந்துச்சில்லா? சொல்லியிருந்தா எம்புள்ளைய அடிச்சிருக்க மாட்டான்லா?"

"அடுத்த வாரமும் அடிச்சிருப்பான்மா."

"அடுத்த வாரம் வரைக்குமாவது இருந்திருப்பான்."

அதன்பிறகு என்னோடு பேச்சு இல்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அந்த நாற்பதாயிரத்தைக் கட்டினால் அம்மாவின் கணக்கைத் திறக்க எழுதித் தருகிறோம் என்கிறார்கள் போலீசில். சபைக் கமிட்டியிடம் நான்தான் போய்க் கேட்டேன். "கர்த்தருக்குப் படைச்சத எப்படிம்மா திருப்பிக் கேப்பிய? கணக்குல ஏத்தியாச்சே" என்றார் பொருளாளர். திருட்டுப் பணம் என்று தெரிந்த பிறகு கர்த்தருக்கு அது வேண்டுமா என்று கேட்டேன். வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எங்கள் போதகர் ஐயர் மட்டும் வெளியே வந்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தார். சட்டைப்பையிலிருந்து ஐந்தாயிரம் எடுத்து நீட்டினார். அவருடைய சொந்தப் பணம். என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டேன். கோபப்படக்கூட ஒரு ஆள் குறைந்துவிட்டது.

6 ஆகஸ்ட், புதன்

நேற்று மாதா கோயில் திருவிழா விடுமுறை. ஆகவே இன்று இரண்டு நாள் வேலை. காலையில் பில் அடித்துக்கொண்டிருக்கிறேன், பழைய போன் ஒலித்தது.

10.04. மே சாட் ஏடிஎம். 1000 பாட். மறுக்கப்பட்டது. கார்டு பிளாக் செய்யப்பட்டுள்ளது.

10.05. அதே ஏடிஎம். 500 பாட். மறுக்கப்பட்டது.

10.11. மே சாட், ஒரு கடை. 42 பாட். மறுக்கப்பட்டது.

நாற்பத்திரண்டு பாட். அவன்களில் ஒருத்தன் நாற்பத்திரண்டு பாட்டுக்குக் கார்டு தேய்ப்பானா? ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பன். இது பெவின். அவனேதான். ஆற்றைத் தாண்டிவிட்டான். கணக்கு முடங்கிய பிறகு இவன் எதற்கு என்று துரத்திவிட்டார்களோ, ஓடிவந்தானோ. தாய்லாந்துக்குள் ஒரு கடை வாசலில் நிற்கிறான். கையில் இருப்பது ஒரு கார்டு. அதை அடைத்தது நான்.

பேங்குக்கு அடித்தேன். கத்தினேன். "கார்டு ஹோல்டர் நேர்ல வரணும் மேடம்." ஏ அய்யா, அவன் நேர்ல வாரதுக்குத்தான கார்டு கேக்கேன்! "கணக்கு போலீஸ் உத்தரவுல இருக்கு மேடம். எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவள் முன்னால் ஒரு திரை இருக்கும், அதில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

எம்பசிக்குப் போன் செய்தேன். கடை பெயர், நேரம், ஏடிஎம் எண் எல்லாம் கொடுத்தேன். குறித்துக்கொண்டார்கள். முருகேஸ்வரி என் வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

இந்தச் சிம்மின் எண் அவனுடைய எண். மறந்திருக்க முடியாது. யாரிடமாவது ஒரு நிமிடம் போன் வாங்கினால் போதும். எனக்குப் பேச வேண்டாம், திட்டட்டும். ஒரு மிஸ்டு கால் போதும்.

7 ஆகஸ்ட், வியாழன்

இல்லை.

20 ஆகஸ்ட், புதன்

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம், பணம் இரண்டு மாதத்தில் கைக்கு வருமாம். "ஒன்னாலதாம்மா என் குடும்பம் தப்பிச்சி" என்றார். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

புகாரில் பெவின் பெயரை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"எழுதாம எப்படிம்மா? அவந்தான பேசுனான். அவன அடிச்சிப் பேச வச்சாம்னு நானே சொன்னேன். அவிய எழுதிக்கிடல."

ஆக, வந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். பிடிக்கட்டும். வந்தால் போதும்.

2 செப்டம்பர், செவ்வாய்

எம்பசியிலிருந்து பதில். மே சாட்டில் மீட்கப்பட்டுத் தங்கவைக்கப்பட்டிருப்பவர்களின் பட்டியல். தமிழ்நாட்டவர் ஒன்பது பேர். அவன் பெயரைத் தேடி நான்கு முறை படித்தேன். இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

பெவின் சிம்மின் வேலிடிட்டி இன்றோடு முடிகிறது. ரீசார்ஜ் கடைக்குக் கிளம்பினேன். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். எங்கே வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.

கடைக்காரர், "இருவத்தெட்டு நாளைக்கா, எம்பத்துநாலு நாளைக்காம்மா?" என்றார். இருபத்தெட்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரு வருசத்துக்குப் போடச் சொல்லு" என்றாள் அம்மா.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. பணத்தையும் அவளே முந்தானையிலிருந்து எடுத்தாள். கடைக்காரர் எண்ணைக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். என் கையிலிருந்த பழைய போன் ஒலித்தது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

ரீசார்ஜ் ஆகிவிட்டது என்ற செய்திதான்.